ஓடும் ரயிலில் நேரலை: ஒரு ஜரிகைக் கணக்கு

2024 ஜூலை 23, செவ்வாய்க்கிழமை. காலை 11 மணிக்கு மக்களவையில் நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன் பட்ஜெட் உரையை ஆரம்பித்தார். சுமார் 85 நிமிட உரை. அதில் காஞ்சிபுரத்துக்கு முக்கியமாக வேண்டியிருந்தது ஒரே ஒரு வாக்கியம்தான். தங்கம், வெள்ளி இரண்டுக்கும் இறக்குமதிச் சுங்கவரி 6 சதவீதமாகக் குறைக்கப்படுகிறது என்ற வாக்கியம். அதற்கு முன்னால் இருந்தது 15 சதவீதம்.

டெல்லியில் வெள்ளிக்கு வரி குறைந்தால் பிள்ளையார்பாளையத்தில் என்ன ஆகும் என்று கேட்பவர்களுக்கு ஒரு சின்ன விளக்கம். அசல் ஜரிகை என்பது நூல்தான். நடுவில் சிவப்புச் சாயம் ஏற்றிய பட்டு இழை. அதன்மேல் தட்டையாக்கிய வெள்ளிக் கம்பியைச் சுற்றுகிறார்கள். அதற்குமேல் தங்க முலாம். புடவையை விற்கும்போது எல்லாரும் தங்கம் தங்கம் என்பார்கள், ஆனால் எடையில் கனப்பது வெள்ளி. கல்யாணப் புடவை ஒன்றில் பட்டுக்கு ஆகும் செலவைவிட ஜரிகைக்கு ஆகும் செலவு அதிகமாகிவிடுவதும் உண்டு. காஞ்சிபுரத்திலேயே 1971-இல் தொடங்கிய அரசு நிறுவனமான தமிழ்நாடு ஜரிகை லிமிடெட் இருக்கிறது, கூட்டுறவுச் சங்கங்களுக்கு ஜரிகை கொடுக்கிறது. ஆனாலும் ஊருக்கு வரும் ஜரிகையில் பெரும்பங்கு குஜராத்தின் சூரத்திலிருந்துதான். கணக்கு 'மார்க்' என்ற அளவில். ஒரு மார்க் சுமார் 242 கிராம்.

சூரத்துக்குப் போகிறவர்கள் சென்னை சென்ட்ரலில் நவஜீவன் எக்ஸ்பிரஸ் பிடிப்பார்கள். அகமதாபாத் போகிற வண்டி. கூடூர், விஜயவாடா, வாரங்கல், பல்லார்ஷா, வார்தா, புசாவல் என்று சுற்றிக்கொண்டு மறுநாள் மதியவாக்கில் சூரத். சென்னையிலிருந்து கிளம்புவது காலை பத்து மணியை ஒட்டி. இப்போது இரண்டையும் சேர்த்துப் பாருங்கள். பட்ஜெட் உரை தொடங்கும்போது வண்டி கும்மிடிப்பூண்டியைத் தாண்டி ஆந்திர எல்லையில் இருக்கும். வரி விவகாரம் எப்போதும் உரையின் பிற்பகுதியில்தான் வரும். அதற்குள் சூளூர்ப்பேட்டை, நாயுடுப்பேட்டை போய் வண்டி கூடூரை நெருங்கிக்கொண்டிருக்கும். இடப்பக்கம் வயல், வலப்பக்கம் கொஞ்ச தூரத்தில் பழவேற்காடு ஏரி, நடுநடுவே ஒன்றுமே இல்லாத வெட்டவெளி. அந்த வெட்டவெளியில்தான் அந்த ஒரு வாக்கியத்தைப் பிடிக்க வேண்டும்.

பிடிக்க முடியுமா? முடியாவிட்டால் ஏன் முடியவில்லை? 'சிக்னல் இல்லப்பா' என்று சொல்லி முடித்துவிடலாம். ஆனால் அது பாதி பதில்தான்.

முதலில் 'நேரலை' என்கிற சொல்லையே கொஞ்சம் சந்தேகத்தோடு பார்க்கணும். கைபேசியில் நாம் பார்ப்பது குழாயில் வருகிற தண்ணீர் மாதிரி தொடர்ந்து ஓடிவரும் ஒன்று அல்ல. லாரியில் வரும் குடம் குடமான தண்ணீர். மக்களவைக் கேமராவிலிருந்து வரும் காட்சியைச் சில விநாடி நீளமுள்ள துண்டுகளாக வெட்டுகிறார்கள். ஒவ்வொரு துண்டையும் நல்ல தரம், நடுத்தரம், மங்கல் தரம் என்று பல பிரதிகளாக எடுத்து, நாடெங்கும் இருக்கும் சர்வர்களுக்கு அனுப்பி வைக்கிறார்கள். நம் போன் ஒவ்வொரு துண்டாகக் கேட்டு வாங்குகிறது. இரண்டு மூன்று துண்டு கைக்கு வந்து சேர்ந்த பிறகுதான் முதல் துண்டை ஓட விடும். அடுத்த துண்டு வரக் கொஞ்சம் தாமதமானாலும் படம் நிற்காமல் இருப்பதற்கான சேமிப்பு அது. ஆக, வீட்டில் நல்ல இணைப்பில் பார்த்தாலே சில விநாடிகளிலிருந்து அரை நிமிடம் வரை பின்தங்கித்தான் இருக்கிறோம். பக்கத்து வீட்டில் கேபிள் டிவி, நம் வீட்டில் போன் என்று கிரிக்கெட் பார்த்தவர்களுக்கு இது தெரியும். அங்கே கைதட்டிய பிறகுதான் இங்கே பவுலர் ஓடியே வருவார்.

ரயிலில் இந்தச் சேமிப்பு தீர்ந்துபோகிறது. வட்டம் சுத்த ஆரம்பிக்கிறது. நாற்பது விநாடி சுத்தி, மறுபடி படம் வருகிறது. எங்கே நின்றதோ அங்கிருந்தே வரும். அதாவது நாம் இப்போது இன்னும் நாற்பது விநாடி பின்னால். அடுத்த ஊருக்கு முன்னால் மறுபடி ஒரு நிமிடம். பிறகு இரண்டு நிமிடம். ஒவ்வொரு நிறுத்தமும் பழைய பாக்கியோடு சேர்ந்துகொண்டே போகும், கந்துவட்டி மாதிரி. திரையில் சிவப்பாக இருந்த புள்ளி சத்தமில்லாமல் சாம்பல் நிறமாகிவிடும். அதைக் கவனிக்காதவர் இன்னமும் நேரலைதான் பார்க்கிறோம் என்ற நம்பிக்கையில் பத்து நிமிடத்துக்கு முந்தைய டெல்லியைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

அந்தப் புள்ளியைத் தொட்டால் ஒரே தாவலில் நிகழ்காலத்துக்கு வந்துவிடலாம். ஆனால் தாவும்போது நடுவில் இருந்ததெல்லாம் போச்சு. வெள்ளி வாக்கியம் அந்த இடைவெளியில் இருந்திருந்தால்? அதனால் ரயிலில் நேரலை பார்ப்பவருக்கு இரண்டே வழி. ஒன்று, எதையும் விடாமல் தாமதமாகப் பார்ப்பது. இன்னொன்று, நிகழ்காலத்தில் ஓட்டை ஓட்டையாகப் பார்ப்பது. மேலே வீடியோவின் தரத்தைக் குறைத்தால் கொஞ்சம் தப்பிக்கலாம். மங்கலாக இருந்தாலும் பரவாயில்லை, நமக்கு வேண்டியது முகமா, குரல்தானே.

ஒரே கூப்பேயில் மூன்று பேர் ஒரே உரையை மூன்று போனில் பார்ப்பதை நான் பார்த்திருக்கிறேன். மூன்று போனும் ஒரே வாக்கியத்தை மூன்று வேறு நேரத்தில் சொல்லின. மேல் பெர்த்தில் மேசைதட்டல், கீழ் பெர்த்தில் இன்னும் அறிவிப்பே வரவில்லை. கோயில் கோபுரத்தின் கீழ் நின்று கைதட்டினால் எதிரொலி வருமே, அதுபோல. முதலில் கேட்டவர் மற்ற இருவருக்கும் தீர்க்கதரிசி.

சரி, ரயிலுக்கே உரிய காரணங்களுக்கு வருவோம்.

வேகம்தான் காரணம் என்று பலர் நினைக்கிறார்கள். ஓடுகிற வண்டியில் அலைவரிசை கொஞ்சம் மாறும் என்று பள்ளியில் படித்த டாப்ளர் விளைவு ஞாபகத்துக்கு வரும். கணக்குப் போட்டுப் பார்த்தேன். மணிக்கு 110 கிலோமீட்டர் என்றால் விநாடிக்கு சுமார் 30 மீட்டர். 1800 மெகாஹெர்ட்ஸ் அலையில் இந்த வேகம் உண்டாக்கும் மாற்றம் 180 ஹெர்ட்ஸ் அளவுதான். 4ஜி அலைகளுக்குள் இருக்கும் இடைவெளியோ 15,000 ஹெர்ட்ஸ். நூற்றில் ஒன்று சொச்சம். அதையெல்லாம் போன் கண்டுகொள்ளாமலே சரிசெய்துவிடும். டாப்ளர் நிரபராதி.

உண்மையான தொந்தரவு கைமாறுவதில்தான். ஒவ்வொரு டவருக்கும் ஒரு எல்லை உண்டு. ஊருக்குள் அது சில நூறு மீட்டர், வெட்டவெளியில் சில கிலோமீட்டர். விநாடிக்கு 30 மீட்டர் போகிற வண்டி மூன்று கிலோமீட்டரை நூறு விநாடியில் கடந்துவிடும். ஆக ஒன்றிரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை போன் பழைய டவரை விட்டுப் புதிய டவரைப் பிடிக்க வேண்டும். ஒருவர் மட்டும் மாறினால் பிரச்சினை இல்லை. 22 பெட்டி வண்டியில் ஆயிரம் பேருக்கு மேல் இருக்கிறார்கள். அத்தனை போனும் ஒரே நேரத்தில், ஒரு சின்னக் கிராமத்துக்காக வைத்த டவரில் போய் விழுகின்றன. கிராமத்து டீக்கடையில் திடீரென்று பத்து பஸ் கூட்டம் இறங்கின மாதிரி. அவர் பால் காய்ச்சுவதற்குள் பஸ் கிளம்பிவிடும்.

அப்புறம் மாநில எல்லை. ஆரம்பாக்கம் தமிழ்நாடு, அடுத்து வரும் தடா ஆந்திரம். நமக்கு அது ஒரு பெயர்ப்பலகை, தெலுங்கு எழுத்து ஆரம்பிக்கும் இடம். போனுக்கு அது கிட்டத்தட்ட வெளிநாடு. இந்தியாவில் தொலைத்தொடர்பு உரிமங்கள் வட்டம் வட்டமாகப் பிரித்துக் கொடுக்கப்பட்டவை. தமிழ்நாடு ஒரு வட்டம், ஆந்திரம் வேறு வட்டம். ஒரே கம்பெனியாக இருந்தாலும் வட்டம் மாறும்போது போன் பல சமயம் பழைய டவரைக் கடைசி மூச்சு வரை பிடித்துக்கொண்டிருந்து, அது அறுந்த பிறகே புது வட்டத்தைத் தேடிப் பதிவு செய்துகொள்ளும். அந்தத் தேடலுக்கு ஆகும் நேரத்தில் நேரலை செத்துவிடும். 11 மணிக்கு உரை ஆரம்பம், 11 மணி சுமாருக்குத் தடா. ஆரம்ப வரிகளை இழக்க இதைவிடப் பொருத்தமான அட்டவணை போட முடியாது.

பெட்டியும் ஒரு காரணம். புதிய எல்.எச்.பி. பெட்டிகள் துருப்பிடிக்காத எஃகால் ஆனவை. ரேடியோ அலைக்கு அது ஒரு மூடிய டப்பா. உள்ளே வர ஜன்னல்தான் வழி. ஏசி பெட்டியில் ஜன்னல் இரட்டைக் கண்ணாடி போட்டு அடைத்தது. அதில் வெயிலைத் தடுக்க உலோகப் பூச்சு இருந்தால் அது சிக்னலையும் சேர்த்துத் தடுக்கும். ஸ்லீப்பரில் ஜன்னல் திறந்தே கிடக்கிறது. 1800 மெகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் சுமார் 17 சென்டிமீட்டர். திறந்த ஜன்னல் வழியாக அது தாராளமாக நுழையும். ஆகவே டிக்கெட்டுக்கு அதிகம் கொடுத்தவருக்கு மோசமான நேரலை, குறைவாகக் கொடுத்தவருக்கு நல்ல நேரலை. நம் ரயில்வேயில் இப்படி ஒரு சமத்துவம் வேறு எதிலும் நான் பார்த்ததில்லை.

ரயிலிலேயே வைஃபை வைக்கலாமே என்று தோன்றும். யோசித்தார்கள். ராஜதானி வண்டி ஒன்றில் செயற்கைக்கோள் வழியாக முயன்றும் பார்த்தார்கள். செலவுக்கு ஏற்ற பலன் இல்லை என்று அந்தத் திட்டத்தைக் கைவிட்டதாக 2021 ஆகஸ்டில் நாடாளுமன்றத்திலேயே பதில் சொன்னார்கள். இலவச வைஃபை இருப்பது ஆறாயிரத்துக்கு மேற்பட்ட நிலையங்களில். வண்டி இரண்டு நிமிடம் நிற்கும் ஊரில் நம்பர் அடித்து, ஓடிபி வந்து, உள்ளே போவதற்குள் கார்டு பச்சைக்கொடி காட்டிவிடுவார்.

இந்த இடத்தில் ரேடியோ பற்றிச் சொல்லாமல் போக முடியாது. அதிலும் காஞ்சிபுரத்தில். தறியில் உட்கார்ந்தவருக்குக் கை, கால், கண் மூன்றும் வேலையில் இருக்கும். காது மட்டும் சும்மா இருக்கும். அதனால் தறிக்குழி உள்ள வீட்டில் ரேடியோ ஒரு தறிச் சாமான் மாதிரி. ஆகாசவாணியின் செய்தி நேரத்தை வைத்துத்தான் பலருக்கு அன்றைய வேலையின் கணக்கு. காலைச் செய்திக்குள் இவ்வளவு, மதியச் செய்திக்குள் இவ்வளவு என்று. அண்ணா பிறந்த ஊர் அரசியல் பேசுவதற்குக் காரணம் தேட வேண்டியதில்லை. காதுக்கு நாள் முழுக்கத் தீனி இருந்தது என்பதும் ஒரு காரணம் என்பது என் எண்ணம்.

ரயிலில் ரேடியோ எப்படி? சென்னை 'ஏ' நிலையம் 720 கிலோஹெர்ட்ஸ் மத்திய அலை. அலைநீளம் 400 மீட்டருக்கு மேல். இந்த அலை தரையை ஒட்டி நெடுந்தூரம் ஓடும். டவர் மாற்றம் இல்லை, வட்ட எல்லை இல்லை, ஆயிரம் பேர் கேட்டாலும் பத்துப் பேர் கேட்டாலும் அதற்கு ஒன்றுதான். கேட்பவர் கூடுவதால் ஒலிபரப்பு திணறாது. இணையத்துக்கும் ரேடியோவுக்கும் உள்ள அடிப்படை வித்தியாசமே இதுதான். முன்னது ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக எடுத்துக் கொடுக்க வேண்டும், பின்னது திருவிழா ஒலிபெருக்கி.

ஆனால் 400 மீட்டர் அலை ஒரு முழ ஜன்னல் வழியாக எஃகு டப்பாவுக்குள் ஒழுங்காக நுழையாது. பழைய ஆட்கள் டிரான்சிஸ்டரை ஜன்னல் கம்பியை ஒட்டி வைத்துக்கொண்டு கேட்டது அதனால்தான். பாட்டரி செட்டைத் திருப்பித் திருப்பி வைப்பார்கள். மின்சார வண்டியாக இருந்தால் மேலே 25,000 வோல்ட் கம்பி. அதோடு உரசுகிற இடத்தில் தெறிக்கும் தீப்பொறியெல்லாம் ரேடியோவில் கரகரவென்று கேட்கும். டீசல் வண்டியில் கேட்டவர்கள் பாக்கியசாலிகள்.

பட்ஜெட் உரையை நாடாளுமன்றத்திலிருந்து தொலைக்காட்சியில் நேரடியாகக் காட்ட ஆரம்பித்தது 1992-இல். அப்போதெல்லாம் பட்ஜெட் மாலை 5 மணிக்கு. வெள்ளைக்காரன் காலத்து வழக்கம். 1999-இல்தான் யஷ்வந்த் சின்ஹா அதைக் காலை 11 மணிக்கு மாற்றினார். அதே 1999, ஏப்ரல் 17-இல் வாஜ்பாய் அரசு ஒரே ஒரு ஓட்டில் விழுந்தது. 269-க்கு 270. தமிழ்நாட்டுக் கட்சி ஒன்று ஆதரவை விலக்கியதால் வந்த ஓட்டெடுப்பு. வீட்டில் இருந்தவர்கள் தூர்தர்ஷனில் நேரடியாகப் பார்த்தார்கள். ரயிலில் இருந்தவர்களுக்கு அது ஸ்டேஷன் ஸ்டேஷனாகத்தான் தெரியும். 'என்னாச்சுங்க, நிக்குதா விழுந்துச்சா?' என்று பிளாட்பாரத்தில் கேட்டால்தான் உண்டு. கேட்டதற்கு வரும் பதில் சரியா தப்பா என்பது அடுத்த ஸ்டேஷனில் தெரியும்.

இதில் ஒரு சங்கதி இருக்கிறது. ரயில் பயணிக்கு எப்போதுமே செய்தி முதலில் இன்னொருவர் வாய் வழியாகத்தான் வந்தது. நேரலை வந்த பிறகு அந்த நிலைமை போய்விட்டதா?

2016 நவம்பர் 8-ஐ எடுத்துக்கொள்வோம். இரவு 8 மணிக்குப் பிரதமரின் உரை. நள்ளிரவோடு 500, 1000 ரூபாய் நோட்டுகள் செல்லாது. நாட்டில் புழக்கத்தில் இருந்த பணத்தின் மதிப்பில் இவை சுமார் 86 சதவீதம். எங்கள் பெரியப்பா ஒருவர் அன்று சூரத் வண்டியில் இருந்தார். கொள்முதலுக்கான தொகையில் ஒரு பங்கு மஞ்சள் பையில், மீதி வங்கியில். எட்டு மணிக்கு வண்டி தெலங்கானாவில் எங்கோ ஓடிக்கொண்டிருந்திருக்கிறது.

ஜியோ வந்து அப்போது இரண்டே மாதம். அவரிடம் இருந்தது பொத்தான் போன். பெட்டியில் முதலில் எழுந்து உட்கார்ந்தவர்கள் இந்தி தெரிந்தவர்கள். உரை முதலில் இந்தியில் நடந்தது, ஆங்கிலம் பிறகுதான். ஆக அந்தப் பெட்டியில் சிக்னல் தாமதத்துக்கு மேல் மொழித் தாமதம் வேறு. பக்கத்து சீட்டுக்காரர் 'நோட்டு பந்த்' என்று சொன்னதை இவர் ஏதோ கடையடைப்பு என்று எடுத்துக்கொண்டார். 'பந்த்'துன்னா நமக்கு அதுதானே. அப்புறம் வீட்டிலிருந்து பெரியம்மா போன்.

"ஏங்க, ஐநூறு ஆயிரம் செல்லாதாம். டிவியில சொல்றாங்க."

"யாரு சொல்றா? வாட்ஸப்பா?"

"வாட்ஸப் இல்லீங்க, மோடியே சொல்றாரு."

அவர் நம்பவில்லை. எதிர் சீட்டுப் பையனின் போனில், படம் நின்று நின்று வந்தாலும், அந்தக் குரலைத் தன் காதால் கேட்ட பிறகுதான் நம்பினார். அதற்குள் முக்கால் மணி நேரம் போயிருந்தது என்று பிறகு சொன்னார். ஓடுகிற வண்டியில் அந்த முக்கால் மணியை மிச்சம் பிடித்திருந்தாலும் ஒன்றும் செய்திருக்க முடியாது என்பது வேறு. காலையில் புசாவலில் டீ விற்பவர் ஐநூறு ரூபாய் நோட்டைப் பார்த்துவிட்டுத் தம்ளரைத் திரும்ப வாங்கிக்கொண்டாராம். ரயில்வே டிக்கெட் கவுன்டர், அரசு மருத்துவமனை, பெட்ரோல் பங்க், பால் பூத்துகளில் சில நாள் பழைய நோட்டு வாங்கலாம் என்று உரையிலேயே சொல்லியிருந்தார்கள். பிளாட்பாரத்து டீ அதில் சேராது.

இந்த இரண்டு நாட்களையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போது எனக்கு ஒன்று புரிகிறது. ரயிலில் நேரலை வேகத்துக்காக அல்ல. வேகத்தில் அது தோற்றுவிடும். வீட்டிலிருந்து ஒரு போன், அல்லது ஒரு குறுஞ்செய்தி, எப்போதும் அதற்கு முன்னால் வந்து சேரும். காரணம் எளிது. 'வெள்ளி 15லிருந்து 6' என்பது கைக்குட்டை அளவு செய்தி. அந்த வாக்கியத்தை நிதியமைச்சர் சொல்லும் காட்சி ஒரு பீரோ. டவர்கள் கைமாறும் இடைவெளியில் கைக்குட்டை நுழையும், பீரோ நுழையாது. குறுஞ்செய்திக்கு இன்னொரு வசதி உண்டு. போன் எல்லைக்கு வெளியே இருந்தால் நடுவில் உள்ள மையம் அதை வைத்திருந்து, சிக்னல் வந்ததும் மறுபடி அனுப்பும். (தமிழில் அடித்தால் ஒரு குறுஞ்செய்திக்கு 70 எழுத்துதான், ஆங்கிலத்துக்கு 160. 'வெள்ளி 6' என்று அடிக்க எழுபதே தாராளம்.)

நேரலை வேண்டியிருப்பது நம்புவதற்கு. யார் சொன்னது, எப்படிச் சொன்னது, முன்னும் பின்னும் என்ன சொன்னது என்று காதால் கேட்பதற்கு. அதற்குப் படமே வேண்டாம், குரல் போதும். ஆகாசவாணியின் செயலியில் ஒலி மட்டும் வருகிறது. அதற்கு வேண்டிய டேட்டா சாதாரண வீடியோவில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. தடாவுக்கும் கூடூருக்கும் நடுவில் வீடியோ சுத்திக்கொண்டிருக்கும்போது ஒலி அநேகமாக ஓடிக்கொண்டிருக்கும். நிதியமைச்சரின் உரை முழு எழுத்து வடிவில் பட்ஜெட் இணையதளத்திலும் வருகிறது. ஆனால் உரை முடிந்த பிறகுதான் போடுவார்கள். நெல்லூரில் அதை இறக்கி வைத்துக்கொண்டால் விஜயவாடா வரை படிக்கலாம். வெள்ளி இரண்டாம் பகுதியில், சுங்கவரி என்ற தலைப்பின் கீழ் இருக்கும்.

ஜூலை 23-க்கு வருவோம். அந்த வாக்கியம் வந்த சில நிமிடங்களிலேயே சந்தையில் விலை சரிய ஆரம்பித்தது. சென்னையில் தங்கம் அன்றைக்கே சவரனுக்கு இரண்டாயிரம் ரூபாய்க்கு மேல் இறங்கியது. வெள்ளி கிலோவுக்கு மூவாயிரத்துக்கு மேல். இத்தனைக்கும் புதிய வரி நடைமுறைக்கு வருவது மறுநாள், 24-ஆம் தேதி. கணக்குப்படி 115 ரூபாய்க்கு விற்றது 106 ஆக வேண்டும், அதாவது சுமார் 8 சதவீதம் இறங்க வேண்டும். முதல் நாளே முழுசாக இறங்கவில்லை, சந்தை அப்படித்தான் தயங்கித் தயங்கிப் போகும். இங்கே உள்நாட்டில் எடுத்த வெள்ளி என்றும் இறக்குமதி வெள்ளி என்றும் இரண்டு விலை கிடையாது. இறக்குமதி விலை எதுவோ அதுதான் எல்லா வெள்ளிக்கும்.

இந்தச் சரிவை யார் எப்போது தெரிந்துகொண்டார்கள் என்பதில்தான் காசு இருக்கிறது. சூரத் வியாபாரி கடையில் டிவி முன்னால் உட்கார்ந்திருக்கிறார். பக்கத்தில் கம்ப்யூட்டரில் வெள்ளி விலை ஓடுகிறது. காஞ்சிபுரத்துக்காரர் நாயுடுப்பேட்டை தாண்டிய வெட்டவெளியில். அந்த நேரம் பார்த்து ஒரு போன் வருகிறது என்று வையுங்கள். 'சேட், நேத்து பேசின ரேட்டுக்கே முடிச்சிடலாமா? இத்தனை மார்க் எடுத்து வச்சிடறேன்.' திரையில் பத்து நிமிடத்துக்கு முந்தைய நேரலை, உரை இன்னும் சுங்கவரிக்கு வரவே இல்லை. 'சரி, வச்சிடுங்க' என்று சொல்லிவிட்டால் அவ்வளவுதான். வாய்ச்சொல்லுக்கு இந்த வியாபாரத்தில் மதிப்பு அதிகம். சொன்ன சொல்லை மாற்றினால் அடுத்த தடவை சரக்குக் கடனுக்குக் கிடைக்காது. ஆகவே பட்ஜெட் அன்றைக்கு வண்டியில் இருப்பவருக்கு எந்தத் தொழில்நுட்பத்தையும்விட உதவுவது ஒரு சின்ன ஒழுக்கம்தான். உரை முடிந்து, வீட்டிலிருந்து போன் வரும்வரை யாருக்கும் ரேட் சொல்லாமல் இருப்பது.

நெய்கிறவருக்கு இதில் என்ன? நேரடியாக ஒன்றும் இல்லை. அவருக்குக் கூலி புடவைக் கணக்கில். வெள்ளி ஏறினாலும் இறங்கினாலும் அந்தக் கூலி அப்படியே. ஆனால் மறைமுகமாக நிறைய. ஜரிகை விலை ஏறினால் புடவை விலை ஏறும், வாங்குபவர் யோசிப்பார். கடைக்காரர் அசல் ஜரிகையை விட்டுப் பாதி அசலுக்கும் போலிக்கும் போவார். கடைசியில் தறிக்குப் பாவு வருவது குறையும். 2024-இல் குறைந்த வரி இந்தச் சுழலைக் கொஞ்ச நாள் நிறுத்தி வைத்தது. ரொம்ப நாள் இல்லை. 2025-இல் உலகச் சந்தையில் வெள்ளி ஏறிய ஏற்றத்தில் இங்கே கிலோ ஒரு லட்சத்தைத் தாண்டியது. டிசம்பரில் இரண்டு லட்சத்தையும் தாண்டிவிட்டது. 9 சதவீத வரிச்சலுகை அதில் எங்கே போனதென்றே தெரியவில்லை. இந்த ஏற்றத்தை அறிவிக்க எந்த நேரலையும் வரவில்லை, எந்த அமைச்சரும் பேசவில்லை. தினம் கொஞ்சம் கொஞ்சமாக ஏறியது.

23-ஆம் தேதி காலையில் கிளம்பிய வண்டி சூரத் போய்ச் சேரும்போது 24-ஆம் தேதி மதியம். புதிய வரி அமலுக்கு வந்து சில மணி நேரம்தான் ஆகியிருக்கும். ரேட் பேசாமல் போய் இறங்கியவருக்கு இனிமேல்தான் வேலையே. ஏனென்றால் கடைக்காரர் சொல்லப்போகும் முதல் பதில் எல்லாருக்கும் தெரிந்ததுதான். "வெள்ளி இறங்கினது வாஸ்தவம்தான் சேட், ஆனா இந்தச் சரக்கு பழைய வெள்ளியில போட்டது."